பூட்டிய வீட்டுக்கும் தண்ணீர் முறை

அந்த வாங்கில் நான் உட்கார்ந்திருந்த இருப்பு இன்றைக்கும் மறக்கவில்லை.

நீதிமன்றத்தின் மேல்மாடி. நீண்ட நடை, சுவரோரம் மர வாங்கு, எதிரே ஒரு கதவு. கதவுக்கு உள்ளே பர்வீன். வெளியே நான். மடியில் ஒரு பை. பைக்குள் தண்ணீர்ப் போத்தல், இரண்டு இறைச்சி றோல்ஸ், செபமாலை. றோல்ஸ் அவளுக்கு, காலையில் ஒன்றும் வாயில் வைக்காமல் வெளிக்கிட்டுவிட்டாள். செபமாலை எனக்கு.

நடை முழுக்க எலுமிச்சை மணம். தரை துடைக்கிற மருந்துதான். அதே மருந்தைத்தான் நானும் வேலை வீட்டில் பாவிக்கிறேன். அந்த மணம் மூக்கில் ஏறினால் என் கை தானாகத் துடைப்பத்தைத் தேடும். அன்று தேடுவதற்கு ஒன்றும் இல்லாமல் பையின் பட்டியை முறுக்கிக்கொண்டே இருந்தேன்.

உள்ளே நீதிபதி அம்மா என்ன கேட்பார் என்று எங்களுக்குத் தெரியும். "உங்கள் ஊரில் எத்தனை பேர்?" இவ்வளவுதான். சின்னப் பிள்ளையிடம் கேட்கிற கேள்வி. அதற்கு அவள் சொன்ன பதில் பிழை என்றுதான் முதல் விசாரணையில் அவளுடைய அகதி விண்ணப்பத்தை மறுத்திருந்தார்கள். இது மேன்முறையீடு. இதிலும் இல்லை என்று வந்தால் அவள் ஈரானுக்குத் திரும்ப வேண்டும். அங்கே விமான நிலையத்திலேயே அவளைப் பிடிக்க ஆள் நிற்கும். ஏன் என்று நான் எழுதப்போவதில்லை. அதை அவள் நீதிமன்றத்துக்குச் சொன்னது போதும்.

சரியான பதிலை ஞாயிறு தவறாமல் படிப்பித்து வைத்திருந்தேன். அன்று காலை பஸ்ஸில் வரும்போதுதான் குண்டைத் தூக்கிப் போட்டாள்.

"அக்கா, நான் போனமுறை சொன்னதைத்தான் இந்தமுறையும் சொல்லப்போறன்."

"உமக்கென்ன விசரே!" என்று கத்திவிட்டேன். முன் சீற்றில் இருந்த கிழவி திரும்பிப் பார்த்து, பையை நெஞ்சோடு அணைத்துக்கொண்டாள்.

சொட்டுத் தண்ணீரால் வந்த சிநேகிதம்

இந்தத் தொடரைத் தொடக்கத்திலிருந்து வாசிக்கிறவர்களுக்கு என் பயம் பழகிப் போயிருக்கும். புதிதாக வந்தவர்களுக்குச் சொல்லிவிடுகிறேன். நான் ரெஜினா. யாழ்ப்பாணத்துத் தீவு ஒன்றில் பிறந்தவள். இத்தாலியில், பலேர்மோ நகரின் சீசாப் பக்கம் மூன்றாம் மாடியில் குடியிருக்கிறேன். பொலிதேயாமா தியேட்டருக்குப் பின்னால், சிஞ்ஞோரா என்று நாங்கள் கூப்பிடுகிற ஒரு வயதான இத்தாலிய அம்மாவின் வீட்டில் வேலை. என் கணவர் அருள்தாஸ் ஒரு மாடிக் கட்டடத்தில் வாசல் காவல். ஒரே மகள் டிலானி கலியாணம் முடித்து இங்கிலாந்தில், லெஸ்டரில்.

வாசல் மணி அடித்தாலும் பயம், அடிக்காவிட்டாலும் பயம். சீருடை கண்டால் பயம். தபால்காரரின் தொப்பியும் எனக்குச் சீருடைதான்.

பர்வீன் எங்கள் மேல்வீட்டில் ஓர் அறையை வாடகைக்கு எடுத்து வந்தவள். வந்த கிழமையே அவள் தோய்த்துப் போட்ட உடுப்பிலிருந்து தண்ணீர் சொட்டி, பல்கனியில் நான் காயப்போட்டிருந்த சிஞ்ஞோராவின் வெள்ளை மேசைவிரிப்பு நாசமாகிவிட்டது. விடுவேனா? படியேறிச் சண்டைக்குப் போனேன்.

கதவைத் திறந்தவள் என் கையில் இருந்த விரிப்பைப் பார்த்தாள், என் முகத்தைப் பார்த்தாள், விரிப்பை வாங்கித் தோய்க்கப் போட்டாள். பிறகு தேத்தண்ணி ஊற்றினாள். பால் இல்லை. சீனியும் போடவில்லை. ஒரு சீனிக்கட்டியைப் பல்லுக்கு நடுவில் வைத்து, கறுத்தத் தேத்தண்ணியை அதன்மேல் உறிஞ்சினாள்.

நான் வாயைப் பிளந்துவிட்டேன். பனங்கட்டியைக் கடித்துக்கொண்டு பிளேன்ரீ குடிக்கிற எங்கள் ஊர்ப் பழக்கத்தை ஒரு ஈரான்காரியிடம் பார்ப்பேன் என்று யார் நினைத்தது? சண்டை அன்றோடு போயிற்று.

நாங்கள் இருவரும் கதைப்பது உடைந்த இத்தாலியம். அவள் உடைக்கிற இடத்தில் நான் உடைக்கமாட்டேன், நான் உடைக்கிற இடத்தில் அவள் உடைக்கமாட்டாள். ஆனபடியால் விளங்கிவிடும். இங்கே தமிழில் எழுதுகிறேன். "அக்கா" மட்டும் அவளே பிடித்துக்கொண்ட சொல்.

சீனிக்கட்டி, சோசர், தட்டு

விண்ணப்பம் மறுக்கப்பட்ட செய்தியோடு அவள் எங்கள் குசினிக்கு வந்தாள். அழவில்லை. அது எனக்கு இன்னும் பயமாக இருந்தது. காரணம் கேட்டோம்.

"நான் அந்த ஊர் இல்லையாம்," என்றாள்.

"எந்த ஊர்?"

"என்ர ஊர்."

அந்த ஊரின் உண்மைப் பெயரை எழுதமாட்டேன், அவளுடைய அண்ணா இன்னும் அங்கே இருக்கிறார். பாரசீக மொழியில் அந்தப் பெயருக்குக் கல்லிலிருந்து வரும் ஊற்று என்று பொருளாம். கல்லூற்று என்று வைத்துக்கொள்வோம். மலையடிவாரம், மழை குறைந்த இடம், வாதுமை மரங்கள், மண் வீடுகள், ஒரு பள்ளிக்கூடம்.

ஊர் எங்கே இருக்கிறது என்று அருள்தாஸ் கேட்டார். அவள் மேசையில் ஒரு சீனிக்கட்டியை வைத்தாள். அது கல்லூற்று. சீனிக்கட்டியை எடுத்துச் சோசரில் வைத்தாள். பக்கத்து ஊர்கள் சேர்ந்த ஒரு கூட்டம் அது. சோசரைத் தட்டில் வைத்தாள். தட்டைப் பெரிய தட்டத்தில் வைத்தாள். தட்டத்தோடு சேர்த்து முழு மேசையையும் கையால் தடவிக் காட்டினாள்.

எனக்கு உடனே பிடிபட்டுவிட்டது. "விதானையார் பிரிவு, டி.எஸ். பிரிவு, மாவட்டம், மாகாணம்!" என்றேன். எங்கள் நாட்டில் விதானையார் இருக்கிற மாதிரி அங்கேயும் ஊருக்கு ஒரு நிர்வாகி இருக்கிறாராம். நாலைந்து ஊருக்கு ஒரே ஆள். கையெழுத்து வாங்கப் போனால் மற்ற ஊரில் நிற்பாராம். அதைக் கேட்டு அருள்தாஸ் சிரித்த சிரிப்பில் தேத்தண்ணி மூக்கால் வந்தது.

வில்லங்கம் தட்டத்தில், அதாவது மாவட்டத்தில், இருந்தது. அவள் சின்னப் பிள்ளையாக இருந்தபோது சோசரும் தட்டும் ஒரு தட்டத்தில் இருந்தன. பிறகு அரசாங்கம் அந்த மாவட்டத்தை இரண்டாகப் பிரித்து, அவளுடைய ஊரைப் புது மாவட்டத்துக்குத் தள்ளிவிட்டது. ஊர்ச் சனம் அதைக் கவனிக்கவே இல்லை. சந்தைக்குப் போவது பழைய பட்டினத்துக்கு. பிள்ளை பெறப் போவதும் அங்கேதான். எந்த மாவட்டம் என்று கேட்டால் ஊரில் எல்லாரும் பழைய பெயரைத்தான் சொல்வார்களாம். அவளும் முதல் விசாரணையில் அதையே சொல்லிவிட்டாள்.

இதில் சிரிக்க எங்களுக்கு என்ன தகுதி? எங்கட ஆட்கள் எந்த ஊர் என்று கேட்டால் யாழ்ப்பாணம் என்பார்கள். வள்ளம் பிடித்துக் கடல் தாண்டிப் போகிற ஊர்க்காரனும் யாழ்ப்பாணம்தான். பெர்மெசோ என்கிற வதிவிட அனுமதி எடுக்கப் போன புதிதில், அருள்தாஸின் பிறப்புப் பத்திரத்தில் ஓர் இடமும் கடவுச்சீட்டில் இன்னோர் இடமும் இருந்ததால், குவெஸ்தூரா என்கிற பொலிஸ் கந்தோரில் பொலிஸ்காரர் இரண்டையும் மாறி மாறிப் பார்த்து, "நீ எத்தனை தரம் பிறந்தாய்?" என்று கேட்டார். இவர் சும்மா இருக்கலாம்தானே? "ஒருதரம்தான், ஆனால் கடலுக்குப் பக்கத்தில்," என்றார். நான் பின்னால் நின்று அவருடைய சட்டையைப் பிடித்து இழுத்தது எனக்குத்தான் தெரியும்.

அது வேறை கேள்வி

மாவட்டப் பிழையைச் சமாளிக்கலாம். பெரிய பிழை ஆள் கணக்கில்.

ஊரில் எத்தனை பேர் என்று கேட்டபோது பர்வீன் ஐந்நூறு என்றிருக்கிறாள். அவர்கள் ஈரான் அரசாங்கத்தின் கணக்கெடுப்பைப் பார்த்திருக்கிறார்கள். அதில் எண்பது. ஐந்நூறுக்கும் எண்பதுக்கும் வித்தியாசம் தெரியாதவள் அந்த ஊரில் பிறந்திருக்க முடியாது என்று முடிவு கட்டிவிட்டார்கள். ஊர் பொய் என்றால் ஊரில் நடந்ததும் பொய்.

"ஏனப்பா ஐந்நூறு எண்டு சொன்னனீர்?" என்று கேட்டேன்.

"ஐந்நூறுதானே அக்கா."

"எண்பதாமே!"

"எண்பது பேர் வீட்டிலை இருக்கினம். மிச்சப் பேர் தெஹ்ரானிலை, ஜெர்மனியிலை."

"அப்ப எண்பதுதானே?"

அவள் என்னைப் பார்த்த பார்வை, ஏதோ நான் ஒரு கெட்ட வார்த்தை சொல்லிவிட்ட மாதிரி இருந்தது.

பிறகு விளங்கப்படுத்தினாள். கல்லூற்றில் மழை இல்லை. மலைக்குள் வெட்டிய சுரங்கம் வழியாகத்தான் தண்ணீர் ஊருக்கு வருகிறது. அந்தத் தண்ணீர் வீட்டுக்கு வீடு முறை வைத்து ஓடும். இன்றைக்கு இந்த வீட்டு முறை, நாளைக்கு அடுத்த வீட்டு முறை. வீட்டைப் பூட்டிக்கொண்டு போனவர்களின் முறையை யாரும் எடுக்க மாட்டார்கள். அவர்களுடைய முறை வரும்போது பக்கத்து வீட்டுக்காரர் வாய்க்காலைத் திறந்து, அவர்களுடைய மரங்களுக்கு விடுவார். வசந்தத்தில் சுரங்கம் துப்புரவாக்கும்போது வீட்டுக்கு ஓர் ஆள் வர வேண்டும். ஜெர்மனியில் இருக்கிறவர் தனக்குப் பதிலாக ஓர் ஆளை ஒழுங்கு பண்ணுவார். அப்படிப் பண்ணாத வீடு இதுவரை இல்லையாம்.

"பூட்டின வீட்டுக்கும் தண்ணி முறை இருக்குது அக்கா. முறை இருக்கிற வீட்டிலை ஆளில்லை எண்டு எப்பிடிச் சொல்லுறது?"

நான் அருள்தாஸைப் பார்த்தேன். அவர் மேலே பார்த்துக்கொண்டிருந்தார். எங்கள் ஊர்க் கோயில் திருநாளுக்கு முந்திய ஒன்பது நாள் நவநாளில் ஒவ்வொரு நாளும் ஒவ்வொரு குடும்பத்தின் உபயம். ஆறாம் நாள் உபயக்காரர் கனடா போய் எத்தனையோ வருடம். வீட்டுக் கூரையும் விழுந்துவிட்டது. ஆனால் ஆறாம் நாள் இன்றைக்கும் அவர்கள் பெயரில்தான் வாசிக்கப்படுகிறது.

"இஞ்சருங்கோ, எங்கட ஊரிலை எத்தினை குடும்பம்?" என்று சும்மா கேட்டேன்.

"முந்நூறு," என்றார் உடனே.

"இப்ப அங்கை இருக்கிறது?"

"அது வேறை கேள்வி."

பர்வீனுக்கு இதை இத்தாலியத்தில் சொன்னேன். மறுப்பு வந்த நாளிலிருந்து அன்றைக்குத்தான் அவள் முதன்முதலாகச் சிரித்தாள். சிரித்துக்கொண்டே அழவும் தொடங்கிவிட்டாள்.

ஞாயிற்றுக்கிழமை நீதிபதி

வியா மக்வேதா என்கிற வீதிக்குப் பக்கத்து ஒழுங்கையில் ஒரு பெண் வக்கீலைப் பிடித்தோம். எல்லாரும் அவொக்காத்தா என்று கூப்பிடுகிறபடியால் நானும் அப்படியே கூப்பிட்டேன். பர்வீன் தண்ணீர் முறைக் கதையைச் சொன்னாள். அவொக்காத்தா பேனையை வைத்துவிட்டுக் கேட்டார்.

"என்ர அப்பாவின்ர ஊர் மலையிலை," என்றார் கடைசியில். "பாதிச் சனம் தொரினோவிலையும் ஜெர்மனியிலையும். ஊரிலை எத்தினை பேர் எண்டு கேட்டால் அப்பா இப்பவும் பழைய கணக்கைத்தான் சொல்லுவார். ஓகஸ்ட் லீவுக்கு எல்லாரும் ஊருக்கு வரேக்கை வந்து பாருங்கோ எண்டு சண்டைக்கும் வருவார்."

எனக்குக் கொஞ்சம் மூச்சு வந்தது. உடனே அடுத்த பயம் வந்தது. நீதிபதியின் அப்பா எந்த ஊரோ? நீதிபதிக்கு அப்படி ஓர் அப்பா இல்லாவிட்டால்?

அவொக்காத்தா சொன்ன யோசனை இது: உண்மையைச் சொல்லுங்கள், ஆனால் சுருக்கமாக. இப்போது இருக்கிறவர்கள் எண்பது என்று முதலில் சொல்லுங்கள். மிச்சத்தைக் கேட்டால் சொல்லுங்கள்.

எனக்கு "கேட்டால்" என்ற சொல்லே பிடிக்கவில்லை. இந்த நாட்டுக்கு வந்த நாள் முதல் எங்கட சனம் ஒருவருக்கொருவர் சொல்லிக்கொடுத்து வருகிற பாடம் ஒன்றுதான்: கேட்டதற்கு மட்டும் பதில், மேலதிகமாக ஒரு சொல்லும் வேண்டாம். கந்தோர்க்காரனுக்குக் கதை சொன்னால் கதைக்குள்ளிருந்து இன்னொரு கேள்வியைப் பிடுங்குவான். நாங்கள் எல்லாரும் அந்தப் பாடத்தால்தான் தப்பினோம் என்று நான் இன்றைக்கும் நம்புகிறேன்.

ஆகவே ஞாயிறு பூசை முடிந்து வந்ததும் குசினி மேசை நீதிமன்றமாகும். நான் சிஞ்ஞோரா தந்த பழைய மூக்குக்கண்ணாடியைப் போட்டுக்கொண்டு நீதிபதியாவேன். அருள்தாஸ் இறைச்சிக்கு வெங்காயம் வெட்டிக்கொண்டே பொலிஸ்.

மொழிபெயர்ப்பாளரும் இருப்பார் என்பதால், கேள்வியைப் பாரசீகத்திலும் கேட்டுப் பழக வேண்டும் என்று பர்வீன் எனக்குச் சொல்லித் தந்தாள். "சந்த் நஃபர்?" என்றால் எத்தனை பேர். நஃபர் என்றால் ஆள். யெக், தோ, சே, சஹார். ஒன்று, இரண்டு, மூன்று, நாலு. நான் சொல்கிற அழகைக் கேட்டு அவள் மேசையில் தலையை வைத்துச் சிரிப்பாள்.

ஆனால் அந்தக் கேள்விக்கு வந்தால் சிரிப்பு நின்றுவிடும்.

"சந்த் நஃபர்?"

"எண்பது."

"சத்தமாச் சொல்லும்."

"எண்பது."

"ஏன் களவெடுத்த பிள்ளை மாதிரிக் குனியிறீர்? நிமிர்ந்து சொல்லும்!"

எத்தனை ஞாயிறு போனாலும் அவள் நிமிரவில்லை. அருள்தாஸ் ஒருமுறை, "விடப்பா, பாவம்," என்றார். எனக்குக் கோபம் வந்துவிட்டது. பாவம் பார்த்தால் பெர்மெசோ வருமா? பயத்தில் எனக்கு வருவது கோபம்தான். அது என் வீட்டு ஆட்களுக்குத் தெரியும், அவளுக்கும் அதற்குள் தெரிந்துவிட்டது.

பஸ்ஸில் அவள் சொன்னது

விசரே என்று கத்தினேன் என்றேனே, அதற்கு அவள் கோபிக்கவில்லை. யன்னல் பக்கம் பார்த்துக்கொண்டு சொன்னாள்.

"அங்கை எனக்கொரு வீடு இருக்குது அக்கா. பூட்டித்தான் கிடக்குது. முற்றத்திலை வாதுமை மரம். போன கிழமை அண்ணா போன் எடுத்தவர். வாய்க்காலடியிலை ஆரோ கேட்டவையாம், இண்டைக்கு ஆரின்ர முறை எண்டு. அண்ணா சொல்லியிருக்கிறார், பர்வீன்ர முறை எண்டு. எண்பது எண்டு நான் சொன்னால், அதிலை நான் இல்லை. என்னை நானே வெட்டிவிடுற மாதிரி இருக்குது."

எனக்குச் சொல்ல நிறைய இருந்தது. உயிர் முக்கியமா, வாதுமை மரம் முக்கியமா என்று கேட்க நாக்கு நுனி வரை வந்தது. அதற்குள் நீதிமன்றத்து பஸ் தரிப்பு வந்துவிட்டது.

ஆக, நான் அந்த வாங்கில் இருந்தபோது உள்ளே அவள் எந்தப் பதிலைச் சொல்கிறாள் என்று எனக்குத் தெரியாது. எண்பதா, ஐந்நூறா? செபமாலையில் விரல் ஒரே மணியில் நின்றுவிட்டது. மாதாவே, அவள் எண்பது என்று சொல்லட்டும். பிறகு, அம்மா தாயே, அவள் என்னத்தையாவது சொல்லட்டும், அவர்கள் நம்பட்டும்.

கோப்புகளைத் தூக்கிக்கொண்டு போன ஒருவர் என்னைப் பார்த்து, யாருக்காவது காத்திருக்கிறீர்களா என்று கேட்டார். "தங்கச்சிக்கு," என்று சொல்லிவிட்டேன். சொன்ன பிறகுதான் அதுவும் நீதிமன்றத்தில் சொன்ன பொய்க் கணக்கில் வருமோ என்று பயம் பிடித்தது.

கதவு திறந்தது. முதலில் அவொக்காத்தா. அவருடைய முகத்தில் ஒன்றும் எழுதியிருக்கவில்லை. பின்னால் பர்வீன். வந்ததும் வராததுமாகக் கையை நீட்டினாள்.

"றோல்ஸ் தாங்கோ அக்கா. பசிக்குது."

இரண்டு கணக்கு

உள்ளே நடந்ததை அவொக்காத்தா படியிறங்கும்போது சொன்னார்.

எதிர்பார்த்த கேள்வியை நீதிபதி கேட்டாராம். மொழிபெயர்ப்பாளர் பாரசீகத்தில் சொன்னாராம். பர்வீன் நிமிர்ந்து இருந்து, "எந்தக் கணக்கு வேண்டும்?" என்று திருப்பிக் கேட்டாளாம்.

நான் படியில் அப்படியே நின்றுவிட்டேன். நீதிபதியிடம் கேள்வி கேட்கிறதா? அருள்தாஸின் காற்றுப் பட்டுவிட்டது இவளுக்கு என்று நினைத்தேன்.

எத்தனை கணக்கு இருக்கிறது என்று நீதிபதி கேட்டாராம். இரண்டு என்றாளாம். அரசாங்கத்தின் கணக்கில் எண்பது, தண்ணீர்க் கணக்கில் ஐந்நூறு. பிறகு சுரங்கம், முறை, பூட்டிய வீடு எல்லாவற்றையும் சொன்னாளாம். மாவட்டம் பிரிந்ததையும் சொன்னாளாம். நீதிபதி இடையில் மறிக்கவில்லை. முடிந்ததும் பேனையை உருட்டிக்கொண்டு, "இப்போது நீங்கள் எந்தக் கணக்கில் இருக்கிறீர்கள்?" என்று கேட்டாராம்.

"தண்ணீர்க் கணக்கில்," என்றிருக்கிறாள் பர்வீன். "நீங்கள் என்னைத் திருப்பி அனுப்பினால் இரண்டிலும் இருக்கமாட்டேன்."

நீதிபதி அதை எழுதிக்கொண்டாராம். பிறகு, இன்றைக்குப் போதும் என்று சொல்லிவிட்டாராம். முடிவு பிறகு வரும்.

"நல்லதோ கெட்டதோ?" என்று கேட்டேன்.

"தெரியாது, சிஞ்ஞோரா," என்றார் அவொக்காத்தா. வக்கீல்மாரில் எனக்குப் பிடிக்காத பழக்கம் இதுதான். ஒரு பொய்யாவது சொல்லலாம்.

பர்வீன் றோல்ஸைக் கடித்துக்கொண்டு எனக்குப் பின்னால் வந்தாள். "உதுக்கோ நான் ஞாயிறு ஞாயிறா உம்மைப் படிப்பிச்சனான்?" என்று திரும்பிக் கத்தினேன். அவள் வாய் நிறைய இறைச்சியோடு, "ஓம் அக்கா," என்றாள். எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. கண்ணும் கலங்கிவிட்டது. அன்று வீடு வரை இருவரும் நடந்தே போனோம்.

அதற்குப் பிறகு வந்த மாதங்களை நான் எழுதாமல் விடுகிறேன். நித்திரை இல்லை. போன் அடித்தால் செபமாலையை எடுப்பேன். மேல்வீட்டில் நடமாட்டம் கேட்காவிட்டால் துடைப்பத்தால் கூரையை இடிப்பேன். அவள் மேலிருந்து காலால் இரண்டு தட்டுத் தட்டுவாள். இருக்கிறேன் என்று பொருள். வெயில் போய், மழை வந்து, மழையும் முடிகிற நேரத்தில், நான் சிஞ்ஞோராவின் சட்டைகளை இஸ்திரிப் பெட்டியால் அழுத்திக்கொண்டிருந்தபோது பர்வீன் போன் எடுத்தாள். ஏற்றுக்கொண்டுவிட்டார்களாம்.

நான் தரையிலேயே குந்திவிட்டேன். அடுத்த அறையிலிருந்து வந்த சிஞ்ஞோரா நான் விழுந்துவிட்டேன் என்று நினைத்து, "மதோன்னா!" என்று கத்தி, அயலாரை எல்லாம் கூப்பிட்டுவிட்டார். ஒரு சட்டையின் கழுத்தில் இஸ்திரிப் பெட்டி சுட்ட பழுப்பு அடையாளம் இன்றைக்கும் இருக்கிறது.

நாலாவது ஆள்

பெர்மெசோ வந்தால் எல்லாம் முடிந்தது என்று நினைப்பீர்கள். இல்லை. இந்த நகரத்தில் எந்த வீட்டில் இருக்கிறாய் என்று நகரசபையில் பதிய வேண்டும். மேல்வீட்டுக்காரர் தன் வீட்டில் பதிய விடமாட்டேன் என்றுவிட்டார். நாங்கள் டிலானியின் அறையை அவளுக்குக் கொடுத்து, எங்கள் வீட்டில் பதிந்தோம்.

டிலானி லெஸ்டர் போனபோது எங்கள் குடும்பப் பதிவிலிருந்து அவளுடைய பெயரை எடுத்துவிட்டார்கள். அன்று அருள்தாஸ் என்னோடும் கதைக்கவில்லை, சோறும் தின்னவில்லை. வாசல் மணியில் அவளுடைய பெயரை மட்டும் இன்னும் எடுக்கவிடாமல் வைத்திருக்கிறார்.

பதிந்த வீட்டில் ஆள் உண்மையாக இருக்கிறதா என்று பார்க்க நகரசபையிலிருந்து ஒரு காவலர் வருவார். எப்போது வருவார் என்று சொல்ல மாட்டார்கள். அதனால் நான் எப்போதும் பயந்துகொண்டே இருந்தேன். ஒரு பின்னேரம் வந்தே விட்டார். சீருடை, தொப்பி, கையில் தாள்.

அவர் டிலானியின் அறையை எட்டிப் பார்த்தார். கட்டிலில் பர்வீனின் சால்வை. மேசையில் அவளுடைய சீனிக்கட்டிப் பெட்டி. சுவரில் டிலானி கோயிலில் முதல்நன்மை எடுத்த நாள் படம்.

"இந்த வீட்டில் எத்தனை பேர்?"

அருள்தாஸ் வாயைத் திறந்தார். அந்த வாயிலிருந்து என்ன வரப்போகிறது என்று எனக்குத் தெரியும். அவருடைய காலை மிதித்தேன்.

"மூன்று," என்றேன். "நான், கணவர், பர்வீன்."

காவலர் எழுதிக்கொண்டார். பர்வீனைப் பார்த்துத் தலையாட்டினார். போய்விட்டார். கதவைச் சாத்திவிட்டு அதில் சாய்ந்துகொண்டேன். அருள்தாஸ் காலைத் தடவிக்கொண்டு, வெங்காயம் வெட்டக் குசினிக்குள் போனார்.

கொஞ்ச நேரத்தில் பர்வீன் பல்கனியில் நின்று அண்ணாவுக்குப் போன் எடுத்தாள். ஸ்பீக்கரில் போட்டிருந்தாள். முதலில் தண்ணீர்ச் சத்தம்தான் கேட்டது. வாய்க்காலடியில் நின்றுதான் கதைக்கிறார் போலிருந்தது. நான் டிலானியின் அறையில் நின்று உடுப்பு மடித்துக்கொண்டிருந்தேன். அவர்கள் கதைத்தது ஒன்றும் எனக்கு விளங்கவில்லை. நடுவில் அண்ணா கேட்டது மட்டும் விளங்கியது.

"சந்த் நஃபர்?"

பர்வீன் யோசிக்கவே இல்லை.

"சஹார் நஃபர்."

மடித்த துவாயோடு நின்றுவிட்டேன். யெக், தோ, சே என்று விரல்விட்டு எண்ணினேன். நான், அவர், அவள். பிறகு சுவரில் இருந்த டிலானியின் படத்தைப் பார்த்தேன்.

"பர்வீன்ர அண்ணா என்னவாம்?" என்று அருள்தாஸ் குசினியிலிருந்து கேட்டார்.

"வீட்டிலை எத்தினை பேர் எண்டு கேட்டவர்," என்றேன்.

"இவ என்ன சொன்னவ?"

"நாலு பேராம்."

வெங்காயம் வெட்டுகிற சத்தம் நின்றது. பிறகு அவருடைய குரல் வந்தது.

"சரியாத்தானே சொல்லியிருக்கிறா."